யாருக்கு, எவ்வளவு, எதை அளந்து: முரண்படும் குடல்நல அறிவுரைகளைப் படிக்கும் முறை

என் அம்மாவின் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. முதல் தாளில், மலச்சிக்கலுக்காகப் பார்த்த மருத்துவரின் சொற்படி, தினமும் கீரை, சுண்டல், முழுக்கோதுமைச் சப்பாத்தி என்று எழுதியிருந்தது. இரண்டாம் தாளில், வயிற்று உப்புசத்துக்காகப் பார்த்த உணவியல் ஆலோசகரின் சொற்படி, கொண்டைக்கடலை, வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் கடைப்பிடிக்க வழியில்லாததால், சந்தேகத்துக்கு இடமான ஒவ்வொன்றையும் அம்மா விட்டுக்கொண்டே வந்து, கடைசியில் ரசம் சோறும் மோர் சோறும் தவிர வேறெதையும் தொடாத நிலைக்கு வந்து சேர்ந்தார். இரண்டே மாதத்தில் உடல் தளர்ந்துவிட்டது. மலச்சிக்கலும் தீரவில்லை, உப்புசமும் தீரவில்லை.

அந்த இரண்டு தாள்களிலும் தவறான செய்தி எதுவும் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. ஒருவர் மலம் இறுகாமலிருக்க வழி சொன்னார். மற்றவர் வாயு சேராமலிருக்க வழி சொன்னார். கேள்விகள் வேறு வேறாக இருந்தன. கேள்விகளை விட்டுவிட்டு விடைகளை மட்டும் எழுதி ஒட்டியதால் அவை சண்டையிட்டுக்கொண்டன. உணவு, குடல் பற்றி இன்று நம் கைப்பேசிக்கு வந்து சேரும் முரண்பாடுகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஆகவே எந்த அறிவுரை வந்தாலும், அது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், ஒரு நோட்டில் நான்கு கேள்விகளை எழுதி விடை தேடுங்கள்: இது யாருக்குச் சொல்லப்பட்டது? எவ்வளவு, எத்தனை நாளுக்கு? எதனோடு ஒப்பிட்டு? எதை அளந்து பார்த்துச் சொன்னார்கள்? நான்குக்கும் விடை கிடைக்காத அறிவுரையை ஒதுக்கிவைப்பதில் நட்டமில்லை. விடை கிடைக்கும்போது, எதிரெதிராகத் தோன்றிய இரண்டு செய்திகள் பல நேரம் அருகருகே உட்கார்ந்துகொள்ளும்.

எவ்வளவு என்று கேட்பது

நம்மவர்கள் எல்லோருக்கும் ஒரு முறையாவது வந்திருக்கக்கூடிய ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராம் இரும்புச்சத்து உள்ளது. அதையே 12 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய சோறாக்கினால் அது 73.91 மில்லிகிராமாக உயர்கிறது என்பது அந்தச் செய்தி. புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் இருப்பதால் ஆய்வுக்கூடத்தில் அளந்தது போன்ற ஒரு நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் இரும்பு ஒரு தனிமம். நுண்ணுயிர்கள் ஒரு வைட்டமினை உருவாக்கக்கூடும், புளிப்பை உருவாக்கக்கூடும். இரும்பை உருவாக்க எந்த நுண்ணுயிராலும் ஆகாது. பானைக்குள் இருக்கும் இரும்பு அரிசியிலிருந்தோ, தண்ணீரிலிருந்தோ, பாத்திரத்திலிருந்தோ வந்திருக்க வேண்டும். தீட்டிய வெள்ளை அரிசியில், சமைப்பதற்கு முன்பே, 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான இரும்புதான் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்த அளவுப்படி, வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராமும் பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் இரும்பு தேவை. ஒரு கிண்ணம் பழைய சோறு அதைவிட இரண்டு மூன்று மடங்கு தருமென்றால் தமிழ்நாட்டில் இரத்தசோகை என்ற சொல்லே வழக்கொழிந்து போயிருக்கும்.

அப்படியானால் பழைய சோற்றின் பெருமை முழுவதும் கட்டுக்கதையா என்று உடனே எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. தானியத்தில் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு குடல் உறிஞ்ச விடாமல் தடுக்கிறது. புளிக்கும்போது அந்த அமிலத்தின் ஒரு பகுதி சிதைவதால், இருக்கும் கொஞ்ச இரும்பில் உடலுக்குச் சேரும் பங்கு கூடலாம். மொத்த அளவு கூடுவதும், சேரும் பங்கு கூடுவதும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்ததில்தான் 73.91 நம்பத்தக்கதாகிவிட்டது. இதே செய்தியோடு பி12 வைட்டமினும் ஏராளமாகக் கிடைக்கும் என்று சேர்த்து அனுப்புகிறார்கள். சைவ உணவினர் இதை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பி12 குறைபாடு நரம்புகளைப் பாதித்த பின் அதை முழுதாகச் சரிசெய்வது கடினம்.

அளவுக் கேள்வி இதைவிட நுட்பமாக வேலைசெய்யும் இடம் ஒன்று உண்டு. சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அது பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அவை அதைச் சிதைத்துக் குறுங்கண்ணிக் கொழுப்பு அமிலங்களை உருவாக்குகின்றன. இந்த அமிலங்கள் பெருங்குடலின் உட்சுவருக்கு எரிபொருளாகின்றன. இது உறுதிப்பட்ட அறிவியல். இந்தோனேசிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சுடச்சுட வடித்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராமாக இருந்த இந்த மாவுச்சத்து, அறை வெப்பத்தில் 10 மணி நேரம் ஆறியபின் 1.30 கிராம் ஆனது. குளிர்பெட்டியில் 24 மணி நேரம் வைத்து மீண்டும் சூடாக்கியபோது 1.65 கிராம் ஆனது. இரு மடங்கு என்று தலைப்புப் போட்டால் அது பொய்யில்லை. ஆனால் கூடியது அரை கிராமுக்குச் சற்று மேல். ஒரு நாளைக்கு 2,000 கலோரி உண்பவருக்கு 30 கிராம் நார்ச்சத்து தேவை என்ற கணக்கின் அருகில் அதை வைத்துப் பாருங்கள்.

இங்கே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஒரு பணியைச் சொல்லியாக வேண்டும். குடல்நோய் வல்லுநர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடன் பணியாற்றியவர்களும், காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில் இதே வகைச் செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு குறைவதையும் விரைவில் நிற்பதையும் 2000ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டினார்கள். பெருங்குடலில் உருவாகும் அந்தக் கொழுப்பு அமிலங்கள் உப்பையும் நீரையும் உடலுக்குள் திரும்ப இழுப்பதே அதற்குக் காரணம். எனக்குப் பெருமிதம் தரும் ஆய்வு அது. ஆனால் அவர்கள் சேர்த்தது ஒரு லிட்டருக்கு 50 கிராம் சோள மாவுச்சத்து. அந்த 50 கிராமை ஆறிய சோற்றிலிருந்து பெற வேண்டுமென்றால், மேலே சொன்ன கணக்குப்படி ஏறத்தாழ நான்கு கிலோ சோறு உண்ண வேண்டும். ஆகவே ‘செரிக்காத மாவுச்சத்து வயிற்றுப்போக்கை நிறுத்தும்’ என்பதும் ‘பழைய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து உள்ளது’ என்பதும் தனித்தனியே உண்மையாக இருந்தும், இரண்டையும் கூட்டிப் பெறுகிற முடிவு உண்மையாகிவிடாது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவுகிறது என்று ஆராய முன்வந்ததை இதனால்தான் வரவேற்கிறேன்: சோற்றையே, மனிதர்களுக்கே கொடுத்து, நோயின் போக்கையே பார்ப்பதுதான் நேர்வழி.

நானும் கோடையில் விரும்பி உண்பவன் என்ற முறையில் ஒரு வீட்டுச் செய்தி. வடித்த சோற்றை மூடி வெளியே வெகுநேரம் வைத்துவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றுவது நல்லதன்று. சமைத்தாலும் சாகாத பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோற்றில் முளைத்து நஞ்சு சுரக்கக்கூடும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு முறியாது. சூடு ஆறியதும் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும், மறுநாள் காலையே முடித்துவிட வேண்டும், வாடை மாறியிருந்தால் கொட்டிவிட வேண்டும்.

யாருக்கு என்று கேட்பது

கோதுமையும் அதிலுள்ள குளூட்டன் என்ற புரதமும் பற்றிய சண்டையைப் போல ஒரு சண்டை வேறில்லை. ஒருவர் கோதுமையை விட்டதும் வயிறு இலேசாகிவிட்டது என்கிறார். இன்னொருவர் அது வெறும் மன மயக்கம் என்கிறார். இதில் மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் கிப்சன் குழுவினர் செய்ததை நிதானமாகப் பார்ப்பது பயன் தரும். 2011இல் அவர்கள், சீலியாக் நோய் (குளூட்டனால் சிறுகுடல் சிதையும் நோய்) இல்லாத, ஆனால் எரிச்சல் குடல் நோய் (வயிற்றுவலியும் மலப்பழக்க மாறுதலும் தொடரும் ஐபிஎஸ்) உள்ள 34 பேரை வைத்து, குளூட்டன் சேர்த்த ரொட்டியை உண்டவர்களுக்குத் தொல்லை கூடியது என்று கண்டார்கள். உலகம் முழுவதும் குளூட்டன் இல்லாத உணவுக்கு அது ஆதாரமாயிற்று. ஆனால் அந்த முடிவு அவர்களுக்கே போதவில்லை. 2013இல் 37 பேரைக் கொண்டு மீண்டும் சோதித்தார்கள். இம்முறை, வாயுவை உண்டாக்கும் குறுஞ்சர்க்கரைகள் அனைத்தையும் முதலில் உணவிலிருந்து நீக்கிவிட்டு, பிறகு ஒரு கட்டத்தில் நிறைய குளூட்டன், ஒரு கட்டத்தில் கொஞ்சம் குளூட்டன், ஒரு கட்டத்தில் குளூட்டனே இல்லாத பால் புரதம் என்று, எது எப்போது என்பது உண்பவருக்குத் தெரியாதபடி கொடுத்தார்கள். மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. எதைக் கொடுத்தாலும் தொல்லை ஓரளவு கூடியதாகவே அவர்கள் சொன்னார்கள். ஏதோ வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பே வயிற்றைக் கலக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

பிறகு 2018இல் நார்வே நாட்டு ஆய்வாளர்கள், தாமாகவே குளூட்டனை விட்டிருந்த 59 பேருக்கு ஒரே மாதிரி தோன்றும் தானியக் கட்டிகளைக் கொடுத்தார்கள்: ஒரு வாரம் குளூட்டன் உள்ளது, ஒரு வாரம் ஃப்ரக்டான் உள்ளது, ஒரு வாரம் இரண்டும் இல்லாதது. தொல்லை தந்தது ஃப்ரக்டான். அது கோதுமையில் உள்ள ஒரு குறுஞ்சர்க்கரைக் கண்ணி. வெங்காயத்திலும் பூண்டிலும் அதே பொருள் நிறைய உண்டு. ஆகவே கோதுமையை விட்டவருக்குக் கிடைத்த நிம்மதி உண்மை. அவர் சொன்ன காரணம்தான் வேறு. காரணம் எதுவானால் என்ன என்று கேட்கக் கூடாது. குளூட்டன் என்று நம்புகிறவர், விலை கூடிய குளூட்டன் இல்லாத பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு, நான்கு பெரிய வெங்காயம் வதக்கிய குருமாவை இட்லிக்குத் தொட்டுக்கொள்வார், உப்புசம் தொடரும், இன்னும் எதையோ விட வேண்டும் என்று எண்ணுவார்.

சீலியாக் நோய் உள்ளவரின் கதை முற்றிலும் வேறு. அவருக்குக் குளூட்டன் சிறுகுடலின் உட்பரப்பையே சிதைக்கிறது. வாழ்நாள் முழுவதும் ஒரு துணுக்குக்கூடச் சேரக் கூடாது. ஹரியாணா, அசாம், தமிழ்நாடு ஆகிய இடங்களில் 23,331 பேரைச் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கே 1.23 விழுக்காடு, தெற்கே 0.10 விழுக்காடு. தில்லியில் ஒரு மருத்துவர் கோதுமை விஷயத்தில் காட்டும் எச்சரிக்கை திருநெல்வேலிக்கு அப்படியே பொருந்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அரிது என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நிறுத்திவிட்டுச் செய்தால் எதிர்ப்பொருள் குறைந்துபோய், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். நோய் உறுதியானவர்கள் கூட்டுப் பெருங்காயத்தின் உறையையும் படிக்க வேண்டும். பலவற்றில் மைதா கலந்திருக்கும்.

பால் பற்றிய முரண்பாடும் இதே கேள்வியில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வயது ஏறஏறப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும் இயல்பு வட இந்தியரைவிடத் தென்னிந்தியரிடம் அதிகம். அப்படிப்பட்டவர்களிலும் பலர் ஒரு குவளைப் பாலைத் தொல்லையின்றிக் குடிக்கிறார்கள்; தயிர் இன்னும் எளிதாக ஒத்துக்கொள்கிறது, ஏனெனில் பால் சர்க்கரையின் ஒரு பகுதியை உறையும்போதே பாக்டீரியாக்கள் தின்றுவிடுகின்றன.

எதை அளந்தார்கள் என்று கேட்பது

ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதும்போது கூடவே ஒரு புரோபயாட்டிக், அதாவது உயிருள்ள நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய மருந்து, எழுதுவது இங்கு வழக்கமாகிவிட்டது. அது நல்லது என்று ஒரு செய்தி. அது குடல் பழைய நிலைக்குத் திரும்புவதையே தாமதப்படுத்தும் என்று இன்னொரு செய்தி. இரண்டுமே ஆய்விலிருந்து வந்தவை. ஆன்டிபயாட்டிக்கினால் வரும் வயிற்றுப்போக்கைச் சில வகைப் புரோபயாட்டிக்குகள் குறைக்கின்றன என்பதற்குப் பல சோதனைகளைத் தொகுத்த சான்று இருக்கிறது. அங்கே அளந்தது, வயிற்றுப்போக்கு வந்ததா இல்லையா என்பதை. இஸ்ரேலில் உள்ள வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தார் 2018இல் 21 பேருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்து, பிறகு அவர்களை மூன்று பிரிவாக்கி, அவரவர் குடலின் சொந்த நுண்ணுயிர்கள் எவ்வளவு விரைவில் திரும்புகின்றன என்று பார்த்தார்கள். புரோபயாட்டிக் எடுத்தவர்களுக்கே அது மிகவும் தாமதமாயிற்று. அங்கே அளந்தது நுண்ணுயிர்களின் கூட்டமைப்பை. அந்தத் தாமதத்தால் உடலுக்குத் தீங்கு வந்ததா என்பது தனிக் கேள்வி. ஆகவே ஆன்டிபயாட்டிக் எடுக்கும்போதெல்லாம் கடுமையாகக் கழியும் ஒருவர் மருத்துவர் சொன்னபடி புரோபயாட்டிக் எடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு தொல்லையும் வராதவர் ‘குடலுக்கு நல்லது’ என்ற ஒரே எண்ணத்தில் மாதக்கணக்கில் விழுங்குவதில் நியாயம் குறைவு.

புரோபயாட்டிக் என்பது ஒரே பொருளின் பெயர் அன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நாய் என்ற ஒரே சொல்லுக்குள் இராஜபாளையமும் பொமரேனியனும் அடங்குவதைப் போல, ஒரே இனப் பாக்டீரியாவுக்குள் பல ரகங்கள் உண்டு. ஒரு ரகத்தில் கண்ட பலனை வேறொரு ரகத்துக்கு எழுதிவிட முடியாது. ஒரே ரகத்துக்குக்கூட ஆய்வுகள் மாறிவிடும்: லாக்டோபாசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி என்ற பெயர்பெற்ற ரகம் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு நல்லது என்று பல சிறிய ஆய்வுகள் சொல்லிவந்தன, அமெரிக்காவில் 971 குழந்தைகளிடம் செய்து 2018இல் வெளியிட்ட பெரிய சோதனையில் வெற்று மருந்தைவிட அது எந்தப் பலனும் தரவில்லை. அமெரிக்கக் குடல்நோய் மருத்துவச் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குறிப்பிட்ட சில நிலைகளைத் தவிரப் பெரும்பாலான செரிமான நோய்களுக்குப் புரோபயாட்டிக்கைப் பரிந்துரைக்கவில்லை. கடையில் வாங்கும் டப்பாவில் இனப்பெயரோடு ரகக் குறியீடும் இல்லையென்றால், அது எந்த ஆய்வின் பலனைச் சொல்லிக்கொள்கிறது என்று கண்டுபிடிக்கவே வழியில்லை.

நார்ச்சத்தா, புளித்த உணவா என்ற போட்டியும் அளவுகோலில் பிறந்ததே. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2021இல் 36 பேரை இரண்டாகப் பிரித்துப் பத்து வாரம் உணவு மாற்றிப் பார்த்ததில், தயிர் போன்ற புளித்த உணவுகளை நிறைய உண்டவர்களின் குடல் நுண்ணுயிர்களில் வகைகள் பெருகின, அழற்சியைக் காட்டும் புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்தைக் கூட்டியவர்களுக்கு வகைகள் பெருகவில்லை. இதைப் படித்துவிட்டு நார்ச்சத்தை விட்டுவிட எண்ணுகிறவர், 2019இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காகச் செய்த தொகுப்பையும் பார்க்க வேண்டும். 185 நீண்டகாலக் கண்காணிப்புகளையும் 58 சோதனைகளையும் சேர்த்துப் பார்த்த அதில், நார்ச்சத்தை மிகுதியாக உண்டவர்களிடம் மரணமும் இதயநோயும் பெருங்குடல் புற்றுநோயும் 15 முதல் 30 விழுக்காடு வரை குறைவாக இருந்தன. நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் வரை உண்டவர்கள் நல்ல பலன் கண்டார்கள். நார்ச்சத்து உண்பவர்கள் மற்ற வகையிலும் உடலைப் பேணுபவர்களாக இருக்கலாம் என்ற ஐயம் இத்தகைய கண்காணிப்புகளில் எப்போதும் உண்டு. ஆயினும் 36 பேரின் பத்து வாரத்தையும் பல இலட்சம் பேரின் பல ஆண்டுகளையும் தராசின் இரு தட்டுகளில் வைத்தால் எந்தப் பக்கம் தாழும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. மோரும் குடிக்கலாம், கீரையும் உண்ணலாம், போட்டியே தேவையற்றது.

இட்லியில் புரோபயாட்டிக் உள்ளது என்று சொல்வதையும் இங்கேயே பார்த்துவிடலாம். மாவைப் பொங்கவைக்கும் பாக்டீரியாக்கள் ஆவியில் வெந்ததும் இறந்துவிடுகின்றன. மாவு எளிதில் செரிப்பதற்கும் சத்துகள் சேர்வதற்கும் அவை செய்த வேலை தட்டில் மிஞ்சியிருக்கிறது; உயிரோடு குடலுக்குப் போவது தயிரிலும் மோரிலும் நீராகாரத்திலும் இருப்பவை.

எதனோடு ஒப்பிட்டு என்ற கேள்விக்கு ஒரே எடுத்துக்காட்டுப் போதும். காலையில் பரோட்டா உண்டுவந்தவர் ஓட்ஸ் உண்டால் நன்மை. கேழ்வரகுக் கூழ் குடித்துவந்தவர் அதை விட்டுவிட்டு ஓட்ஸுக்கு மாறினால் பெரிதாக எதுவும் மாறாது, பணம்தான் கூடுதலாகும்.

விற்பவர் சொல்லும்போது மட்டும் கூடுதலாக ஒன்று கேளுங்கள்: இந்தச் சோதனையின் முடிவு என்னவாக இருந்தால் நீங்கள் எனக்கு எதையும் விற்க மாட்டீர்கள்? இரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளந்து நூறு உணவுகளின் பட்டியல் தரும் சோதனையை ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் ஏற்பதில்லை. அந்த எதிர்ப்பொருள் காட்டுவது அந்த உணவை நாம் உண்டிருக்கிறோம் என்பதையே, ஆகவே அன்றாடம் உண்பவைதான் பட்டியலில் சிவப்பாக வரும். மலத்தைப் பரிசோதித்து நுண்ணுயிர்களுக்கு மதிப்பெண் போடுபவர்களிடமும் இதே எச்சரிக்கை தேவை. எது சரியான கூட்டமைப்பு என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் இன்னும் இல்லை.

உங்கள் வயிற்றில் சோதித்துப் பார்ப்பது

எதையும் சோதிப்பதற்கு முன் மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகளைப் பாருங்கள். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், விழுங்குவதில் சிரமம், ஐம்பதை ஒட்டிய வயதில் புதிதாகத் தொடங்கிய மலப்பழக்க மாற்றம், குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உணவை மாற்றிப் பார்த்து நாளைக் கடத்தக் கூடாது.

அவை இல்லையென்றால், முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுத மட்டும் செய்யுங்கள். என்ன உண்டோம், எத்தனை மணிக்கு, எவ்வளவு, எப்போது உப்புசம் வந்தது, மலம் எப்படி இருந்தது, எவ்வளவு தூங்கினோம், என்ன மாத்திரை போட்டோம் என்பவை போதும். பெண்கள் மாதவிலக்கு நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும். மலத்தை விவரிக்கக் கூச்சப்படாதீர்கள். பிரிஸ்டல் அளவுகோல் என்று ஒன்று உண்டு. ஆட்டுப்புழுக்கை போல இறுகியது முதல் வகை, வெறும் தண்ணீர் ஏழாம் வகை, மூன்றும் நான்கும் நல்ல நிலை. எண்ணை மட்டும் எழுதினால் போதும்.

அம்மாவின் நோட்டில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு தாள்களிலும் இல்லாத ஒன்று. மலம் முதல் வகையாக இருந்த நாள்கள் எல்லாம், அவர் இரத்தசோகைக்காக எடுத்துவந்த இரும்பு மாத்திரையை விடாமல் போட்ட நாள்கள். ஊருக்குப் போய் மாத்திரையை மறந்த வாரத்தில் மூன்றாம் வகைக்கு வந்திருந்தது. மருத்துவரிடம் காட்டியதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடும்படி மாற்றிக் கொடுத்தார். மாத்திரையை நாங்களாக நிறுத்தவில்லை. அப்படி நிறுத்தவும் கூடாது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் இதற்கு நேர்மாறாக, சிலருக்கு வயிற்றை இளக்கிவிடும். உணவைக் குற்றம் சொல்வதற்கு முன் மருந்துப் பெட்டியைப் பாருங்கள்.

உப்புசத்துக்கு, வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு வகைகளை நீக்கும் இரண்டாம் தாளின் முறைக்கு ஃபாட்மாப் (வாயுவை உண்டாக்கும் குறுஞ்சர்க்கரைகள்) குறைத்த உணவு என்று பெயர். மோனாஷில் உருவான அந்த முறைக்கு மூன்று கட்டங்கள் உண்டு: இரண்டு முதல் ஆறு வாரம் நீக்குவது, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துச் சோதிப்பது, கடைசியில் ஒத்துக்கொள்ளாததை மட்டும் ஒத்துக்கொள்ளும் அளவுக்குக் குறைப்பது. அம்மாவின் தாளில் முதல் கட்டம் மட்டுமே இருந்தது. வீடுகளில் நான் பார்த்த பெரிய பிழை இதுதான்: நீக்கும் பட்டியல் கைக்குக் கை போகிறது, திரும்பச் சேர்க்கும் பட்டியல் யார் கைக்கும் வருவதில்லை. நீண்ட நாள் நீக்கிவைத்தால் பிஃபிடோ பாக்டீரியா போன்ற நல்ல நுண்ணுயிர்களும் உணவின்றிக் குறைந்துவிடுகின்றன. உணவியல் வல்லுநர் ஒருவரின் துணையோடு செய்வது நல்லது. எடை குறைந்தவர்களும், கருவுற்றவர்களும், உணவைக் கண்டு அஞ்சும் பழக்கம் உள்ளவர்களும் தனியாகச் செய்யவே கூடாது.

திரும்பச் சேர்க்கும்போது ஒரு நேரத்தில் ஒரே பொருள், மூன்று நாள், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி. பிறகு மூன்று நாள் அதை நிறுத்திவைத்துவிட்டு அடுத்த பொருள். நாங்கள் சின்ன வெங்காயத்தில் தொடங்கினோம். கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தோம். வாயுவுக்குக் காரணமான சர்க்கரைகளில் ஒரு பங்கு ஊறிய தண்ணீரோடு போய்விடும். நார்ச்சத்தை ஒரே வாரத்தில் இரு மடங்காக்காமல், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு கரண்டிக் காய் என்று கூட்டினோம். எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமைத் தவிட்டைவிட, நீரில் கொழகொழப்பாகும் இசப்கோல் போன்ற நார் ஒத்துக்கொள்ளும். நிறையத் தண்ணீரோடு அதை எடுக்க வேண்டும்.

முடிவில் அம்மாவுக்குச் சாம்பாரில் ஐந்தாறு சின்ன வெங்காயம் தொல்லை தரவில்லை, வெங்காயக் குருமா தந்தது. காலையில் இரண்டு சப்பாத்தி ஒத்துக்கொண்டது, இரவு எட்டரைக்குக் குருமாவோடு நான்கு சப்பாத்தி ஒத்துக்கொள்ளவில்லை. அரைக் கிண்ணம் சுண்டல் சரி. பூண்டு முதல் முறை ஒத்துக்கொள்ளாததால் நோட்டில் தேதியோடு குறித்துவைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி இரண்டு பல்லில் தொடங்கினோம். இம்முறை இரசத்தில் நசுக்கிப் போட்ட அளவு வரைக்கும் வயிறு பேசாமல் இருந்தது.